பெயரில் இல்லாத பூனை: வெறிநாய்க்கடி வரலாற்றில் ‘சிறு காயம்’

வீட்டை விட்டு வெளியே போகாத பூனை ஒன்றின் காலிலோ காதோரத்திலோ ஒரு நாள் காலையில் சிறு காயம் தென்படுகிறது. இரத்தம் காய்ந்திருக்கிறது. பூனை வழக்கம்போலத் தின்கிறது, தூங்குகிறது. பால்கனிக் கம்பியில் கிழித்துக்கொண்டதா, இரவில் சன்னல் வழியே வந்த வேறொரு பூனையின் நகம் பட்டதா, எலி கடித்ததா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வெறிநாய்க்கடி நோய் பற்றிய அச்சம் எழும்போது அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு ஆறுதல்கள் உடனே கிடைக்கும். இவ்வளவு சிறிய காயத்தால் ஒன்றும் ஆகாது என்பது ஒன்று. பத்து நாள் பார்த்துவிட்டுப் பூனை நன்றாக இருந்தால் பயமில்லை என்பது மற்றொன்று.

இந்த இரண்டு ஆறுதல்களுக்கும் வரலாறு உண்டு. காயத்தின் அளவைக் கொண்டு ஆபத்தை அளப்பதும், பத்து நாள் காத்திருப்பதும் நவீன மருத்துவத்தின் குறிப்பிட்ட கட்டங்களில், குறிப்பிட்ட தேவைகளுக்காக உருவான விதிகள். அந்தத் தேவைகள் மாறின, விதிகளும் மாறின. ஆனால், விதிகளின் பழைய வடிவம் மக்கள் பேச்சில் தங்கிவிட்டது. இந்தியாவில் வெறிநாய்க்கடி மருத்துவம் கடந்துவந்த பாதையைப் பின்தொடர்ந்தால், வீட்டுப் பூனையின் சிறு காயம் எந்த விதிக்குள்ளும் எளிதில் அடங்காமல் போனது ஏன் என்பது விளங்கும்.

முதலில் பெயர். தமிழில் இந்நோய்க்கு வழங்கும் ‘வெறிநாய்க்கடி’ என்னும் சொல் மூன்று செய்திகளை ஒருங்கே சொல்கிறது: விலங்கு நாய், அது வெறிகொண்டது, அது கடித்தது. பூனை, நரி, குரங்கு, கீரி, மாடு ஆகியவற்றுக்கும் இந்நோய் வரும் என்பதோ, கடிக்காமல் நகத்தால் பிறாண்டினாலும் புண்ணை நக்கினாலும் பரவக்கூடும் என்பதோ, வெறி தோன்றுவதற்கு முன்பே உமிழ்நீரில் வைரஸ் வந்துவிடும் என்பதோ பெயருக்குள் இல்லை. பெயர் பிழையானது அல்ல. மனிதர்களுக்கு இந்நோயைத் தருவது மிகப்பெரும்பாலும் நாயே. ஆனால், ஒரு பெயர் பெரும்பான்மையைச் சுட்டும்போது எஞ்சியவை கண்ணில் படாமல் போகின்றன.

பழைய நூல்கள் இவ்வகையில் சற்றுப் பரந்த பார்வை கொண்டிருந்தன. சுசுருத சம்ஹிதையின் கல்பத்தானத்தில் நஞ்சுகளைப் பற்றிய பகுதியில் வெறிகொண்ட விலங்குகளின் கடி விரிவாகப் பேசப்படுகிறது. நாயோடு நரி, கழுதைப்புலி, கரடி, புலி முதலியவையும் அங்கே சொல்லப்படுகின்றன. பூனை பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ‘முதலிய’ என்பதற்குள் அடங்கியிருக்கலாம். வாலும் தாடையும் தோளும் தொங்க, வாயில் நீர் ஒழுக, காதும் கண்ணும் மங்கி ஓடும் விலங்கின் சித்திரம் அந்நூலில் இருக்கிறது. கடிபட்டவர் நீரைக் கண்டோ அதன் ஒலியைக் கேட்டோ அஞ்சத் தொடங்கினால் பிழைக்கமாட்டார் என்றும் அது கூறுகிறது. ஜலத்ராசம் என்பது அந்நிலைக்கு அந்நூல் தரும் பெயர். கடித்த இடத்தில் இரத்தத்தை வெளியேற்றிக் காய்ச்சிய நெய்யால் சுட வேண்டும் என்பது மருத்துவ முறை. நோய் வெளிப்பட்ட பின் மருந்தில்லை, செய்ய வேண்டியதைக் காயத்திடமே உடனே செய்ய வேண்டும் என்னும் அறிவு இதில் அடங்கியிருக்கிறது. இன்றைய மருத்துவமும் அந்த அடிப்படையிலேயே நிற்கிறது.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நோயைப் பற்றிய அக்கறை முழுவதும் தெருநாயின்மேல் குவிந்தது. தெருநாய்களைக் கொல்ல அரசு கூலி கொடுத்தது. 1832ஆம் ஆண்டு பம்பாயில் நாய் ஒன்றுக்கு எட்டணா வீதம் கொடுத்து நடத்தப்பட்ட நாய்வேட்டையை எதிர்த்துப் பார்சிகள் கிளர்ந்தெழுந்தனர். நாயைப் புனிதமாகக் கருதும் சமயத்தவரான அவர்கள் கடைகளை அடைத்து, கோட்டைப் பகுதிக்கு உணவுப் பொருள்கள் செல்வதைத் தடுத்தனர். பிற சமூகத்தாரும் சேர்ந்துகொண்ட அந்தக் கலவரம் பம்பாய் நகர வரலாற்றில் முக்கியமான நிகழ்வாகக் கருதப்படுகிறது. பின்வந்த நகராட்சிச் சட்டங்களில் நாய்க்கு உரிமம், நாய்க்கு வரி, நாய்பிடிக்கும் வண்டி என்று ஏற்பாடுகள் வளர்ந்தன. பூனை இந்த நிர்வாகத்துக்கு வெளியே இருந்தது. அதற்கு உரிமமும் இல்லை, பதிவேடும் இல்லை. வீட்டில் இருந்தாலும் அது வீட்டாரின் உடைமையாக எண்ணப்படவில்லை. எலிக்காகத் தானாக வந்து தங்கிய உயிராகவே கருதப்பட்டது.

1885 சூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்தர், அல்சாஸ் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்தருக்குத் தம் தடுப்பூசியைச் செலுத்தச் செய்தார். நோயேற்றப்பட்ட முயலின் தண்டுவடத்தைக் குடுவைக்குள் உலர்த்தி வீரியம் குறைத்து, நாளுக்கு நாள் வீரியம் கூடியதாகச் செலுத்துவது அவர் முறை. சிறுவன் பிழைத்தான். உலகெங்கிலுமிருந்து கடிபட்டவர்கள் பாரிஸுக்கு வரத் தொடங்கினர். இந்தியாவிலிருந்து பிரித்தானியப் படைவீரர்களை அரசு செலவில் கப்பலேற்றி அனுப்பும் நிலையும் இருந்தது. கடிபட்டுப் பல வாரம் கழித்துப் பாரிஸ் போய்ச் சேர்ந்தவருக்கு மருத்துவம் பயன்படுமா என்பது வேறு. இந்தியக் குடியானவருக்கு அந்த வழியும் கிடையாது.

பாரிஸ் நிறுவனம் தன் புள்ளிவிவரங்களை முறைப்படுத்திய விதம் இங்கே கவனிக்கத்தக்கது. மருத்துவம் பெற்றவர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். கடித்த விலங்கு வெறிநோய் கொண்டது என்று ஆய்வகச் சோதனையால் நிறுவப்பட்டவை முதல் பட்டியல். கால்நடை மருத்துவரின் சான்று பெற்றவை இரண்டாவது. ஐயம் மட்டுமே உள்ளவை மூன்றாவது. வெறிநோய் இல்லாத நாய் கடித்தவர்களுக்கும் ஊசி போட்டுவிட்டு, அவர்கள் பிழைத்ததைத் தம் வெற்றியாகப் பாஸ்தர் காட்டுகிறார் என்ற குற்றச்சாட்டுக்கு இது விடையாக அமைந்தது. இந்த ஏற்பாட்டில் விலங்கைப் பற்றி எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதே ஆபத்தின் அளவுகோல்.

இந்தியாவில் இத்தகைய நிறுவனம் ஒன்றை அமைக்கும் முயற்சி 1890களிலேயே தொடங்கியும் எளிதில் கைகூடவில்லை. விலங்குகளை ஆய்வுக்காகக் கொல்வதை எதிர்த்து இங்கிலாந்தில் வலுவாக நடந்த இயக்கம் இந்தியாவிலும் குரல் எழுப்பியது. உயிர்க்கொலையை ஏற்காத இந்தியச் சமய உணர்வும் அதனோடு சேர்ந்தது. பணத் தட்டுப்பாடு வேறு. இறுதியில் 1900ஆம் ஆண்டு இமயமலை அடிவாரத்துக் கசௌலியில், இராணுவ மருத்துவர் டேவிட் செம்பிளின் தலைமையில் பாஸ்தர் நிறுவனம் தொடங்கியது. வெப்பத்தில் கெட்டுவிடும் தடுப்பு மருந்தைச் செய்ய மலைக்குளிர் தேவைப்பட்டது ஒரு காரணம்; வெள்ளையர் படைமுகாம்கள் அருகிலிருந்தது இன்னொரு வசதி.

கசௌலி தெற்கிலிருந்து வெகுதூரம். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம் ஆங்கிலப் பெண் இந்நோயால் இறந்ததே தென்னிந்தியாவுக்குத் தனி நிறுவனம் வேண்டும் என்ற எண்ணத்தைத் தூண்டியதாகக் குன்னூர் நிறுவனத்தின் வரலாறு குறிப்பிடுகிறது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ், கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் பெரும்பகுதி பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையமாக உருவெடுத்தது. ஒரு பகுதி குன்னூருக்கு வந்தது. 1907இல் தென்னிந்தியப் பாஸ்தர் நிறுவனம் அங்கே திறக்கப்பட்டது. அதன் பின்னரும் மலபார்க் கரையிலோ காவிரிப் படுகையிலோ கடிபட்ட ஒருவர் வேலையை விட்டு, கடன் வாங்கி, ரயிலேறி மலைக்குப் போய் இரண்டு வாரம் தங்க வேண்டியிருந்தது. நகம் கீறியதற்காகவும் பூனை பிறாண்டியதற்காகவும் அவ்வளவு தூரம் எத்தனை பேர் போயிருப்பார்கள்? காயம் சிறிதா பெரிதா என்ற கேள்வி அக்காலத்தில் மருத்துவக் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. அது பயணத்தையும் கூலியிழப்பையும் பற்றிய கேள்வியாகவும் இருந்தது.

1911இல் செம்பிள் வெளியிட்ட புதிய முறை இந்த நிலையை மாற்றியது. நோயேற்றப்பட்ட விலங்கின் மூளையைக் கரைசலாக்கி, கார்பாலிக் அமிலத்தால் வைரஸைச் செயலிழக்கச் செய்து தடுப்பூசியாக்குவது அம்முறை. இந்தியாவில் பெரும்பாலும் செம்மறியாட்டு மூளை இதற்குப் பயன்பட்டது. அன்றன்று தண்டுவடத்தை உலர்த்திப் பயன்படுத்த வேண்டிய பாஸ்தர் முறையைப் போலன்றி, இம்மருந்தைக் குப்பியில் அடைத்துத் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்தது. நோயாளி மருந்தைத் தேடிப் போன காலம் மாறி, மருந்து நோயாளியைத் தேடி மாவட்ட மருத்துவமனைக்கு வந்தது. ஷில்லாங், ரங்கூன், கல்கத்தா, பம்பாய் என்று மையங்களும் பெருகின. மலிவாகவும் பெருமளவிலும் செய்யக்கூடிய இத்தடுப்பூசி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது. அக்காலத்தில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பெரும்பாலும் இதற்கே கடன்பட்டவை.

ஆனால், அதற்கு ஒரு விலை இருந்தது. மூளைத் திசுவில் நரம்பை உறைபோல் மூடியிருக்கும் மயலின் என்னும் பொருள் உண்டு. அது மீண்டும் மீண்டும் உடலுக்குள் செலுத்தப்படும்போது, சிலருடைய எதிர்ப்பாற்றல் தன் சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்கும். கால் விளங்காமல் போவதும் மூளை அழற்சியும் சாவும் இதன் விளைவுகள். எத்தனை பேருக்கு ஒருவர் பாதிக்கப்பட்டார் என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன; சில நூறு பேருக்கு ஒருவர் என்பதிலிருந்து சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பதுவரை கணக்குகள் உண்டு. நோயிலிருந்து காப்பதற்காகப் போடப்பட்ட ஊசியே நலமாயிருந்த ஒருவரை முடமாக்கக்கூடும் என்னும்போது, எவருக்கு ஊசி வேண்டும், எவருக்கு வேண்டாம் என்று தீர்மானிப்பது மருத்துவரின் பெருஞ்சுமையாயிற்று.

காயங்களை வகுப்புகளாகப் பிரிக்கும் முறை இந்தச் சூழலில்தான் முக்கியத்துவம் பெற்றது. இந்திய மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாக மனப்பாடம் செய்த பட்டியல் இது. இரத்தம் கசியாத கீறலும் காயமில்லாத தோலை நக்கியதும் முதல் வகுப்பு. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2 மி.லி. வீதம் 7 நாள். இரத்தம் கசிந்த கீறலும், தலை, கழுத்து, முகம், உள்ளங்கை, விரல் நீங்கலாகப் பிற இடங்களில் ஐந்துக்குக் குறைவாக உள்ள சிறு கடிகளும் இரண்டாம் வகுப்பு, 5 மி.லி. வீதம் 14 நாள். முகத்திலும் கழுத்திலும் கையிலும் பட்ட கடியும், தசை கிழிந்த காயமும், ஐந்தும் அதற்கு மேலும் உள்ள காயங்களும், காட்டு விலங்கின் கடியும் மூன்றாம் வகுப்பு, 10 மி.லி. வீதம் 14 நாள். வைரஸ் மூளையை அடைய நரம்பு வழியே கடக்க வேண்டிய தொலைவையும், காயத்துக்குள் புகுந்த வைரஸின் அளவையும் கருதிய அறிவு இதில் இருக்கிறது. கூடவே இன்னொரு கணக்கும் இருக்கிறது: சிறு காயத்துக்குச் சிறிதளவு மூளைத் திசு போதும், தேவைக்கு மேல் செலுத்த வேண்டாம் என்பது. பாரிஸில் விலங்கைப் பற்றிய உறுதி அளவுகோலாக இருந்ததுபோல, இங்கே காயத்தின் அளவும் இடமும் அளவுகோல் ஆயின.

‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்னும் தொடர் தமிழகத்தில் மட்டுமன்றி இந்தியா முழுவதும் ஏதோ ஒரு வடிவில் மக்கள் நினைவில் உறைந்திருக்கிறது. அளவு மிகுதியான மருந்தைச் செலுத்த வயிற்றுத் தோலின் பரப்பு ஏற்றதாயிருந்ததே அதற்குக் காரணம். அந்த அச்சத்தின் மறுபக்கமே ‘சின்னக் காயம்தானே’ என்னும் ஆறுதல். பதினான்கு நாள் வலியையும் வாதத்தின் அபாயத்தையும் தவிர்க்க விரும்பிய மனம் காயத்தைச் சிறிதாகக் கண்டது. நாய் கடித்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்த குழந்தைகள், மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பிக் காத்திருந்த பெரியவர்கள் ஆகியோரின் நடத்தையை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் அஞ்சிய ஊசி உண்மையிலேயே அஞ்சத்தக்கதாக இருந்தது.

இதே நெருக்கடிதான் பத்து நாள் விதிக்கும் வலுச் சேர்த்தது. தேவையில்லாதவருக்கு ஊசி போடாமலிருக்க வேண்டுமானால், கடித்த விலங்குக்கு நோய் இல்லை என்று நிறுவ வேண்டும். அதைக் கொன்று மூளையைச் சோதிப்பது ஒரு வழி. 1903இல் அடெல்க்கி நெக்ரி நோயுற்ற விலங்கின் மூளை உயிரணுக்களில் தனித்த துகள்களைக் கண்டறிந்தபின் இது எளிதாயிற்று. கொல்லாமல் கட்டிவைத்துக் கவனிப்பது மற்றொரு வழி. நாயின் உமிழ்நீரில் வைரஸ் வெளிவரத் தொடங்கிய சில நாள்களுக்குள் நோய்க்குறிகள் தோன்றும். அடுத்த சில நாள்களில் அது இறந்துவிடும். ஆகவே, கடித்துப் பத்து நாள் ஆகியும் நாய் நலமாக இருந்தால், கடித்த பொழுதில் அதன் உமிழ்நீரில் வைரஸ் இல்லை என்பது முடிவு. பூனைகளின் உமிழ்நீரில் வைரஸ் வெளிப்படும் காலத்தைப் பற்றிய ஆய்வு 1963இலும், நாய்களைப் பற்றிய அதையொத்த ஆய்வு 1965இலும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. இந்த விதி நாய்க்கும் பூனைக்கும் பொருந்தும். நரி, கீரி, குரங்கு போன்றவற்றுக்குப் பொருந்தாது.

எல்லா விதிகளையும்போல இதற்கும் ஒரு விளிம்பு இருந்தது. என். வீரராகவன் தலைமையில் குன்னூர் நிறுவனம் வெறிநோய் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றிருந்த 1960களின் இறுதியில், தெற்குத் தமிழகத்தின் சுரண்டையைச் சேர்ந்த நாய் ஒன்றின் உமிழ்நீரில் வைரஸ் வெளிப்படுவது அங்கே ஆராயப்பட்டது. நலமாகத் தோன்றும் நாயும் வைரஸை வெளியிடக்கூடுமா என்னும் விவாதத்தில் அந்த ‘சுரண்டை நாய்’ இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அது அரிதினும் அரிதான விலக்கு. அதனால் விதி கைவிடப்படவில்லை. ஆயினும், விலங்கைக் கவனிக்கத் தொடங்கும்போதே கடிபட்டவருக்கு ஊசியையும் தொடங்கிவிட வேண்டும், விலங்கு நலமாயிருந்தால் பின்னர் நிறுத்திக்கொள்ளலாம் என்பதே இன்றைய இந்திய வழிகாட்டுதல். காத்திருந்து பார்ப்பது ஊசிக்கு மாற்று அல்ல.

வீட்டுப் பூனையைப் பற்றிய மக்கள் பேச்சில் பெரிய குழப்பம் நேர்வது இவ்விடத்தில்தான். பத்து நாள் விதி, *கடித்த* விலங்கைப் பற்றியது. பூனை ஒருவரைக் கடித்துவிட்டது, அப்பொழுது அதன் உமிழ்நீரில் வைரஸ் இருந்ததா என்னும் கேள்விக்கு அது விடை தரும். பூனை *கடிபட்டிருந்தால்* கேள்வியே வேறு. காயத்தின் வழியே பூனையின் உடலுக்குள் வைரஸ் இப்போதுதான் புகுந்திருந்தால், அது நரம்பு வழியே மூளையை அடைந்து நோயாக வெளிப்படச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். அந்த இடைக்காலத்தில் பூனை முற்றிலும் நலமாகவே இருக்கும். பத்தாம் நாள் பூனை பால் குடித்து விளையாடுவது எதையும் நிறுவாது. நோய் அரும்பும் காலத்துக்கு ஏற்பப் பல நாடுகளின் விதிகள், ஐயத்துக்குரிய கடி பட்ட, தடுப்பூசி பெறாத பூனையை மாதக்கணக்கில் தனிமைப்படுத்தச் சொல்கின்றன. முன்பே ஊசி பெற்ற பூனைக்கு உடனே மறு ஊசியும் குறுகிய காலக் கண்காணிப்பும் போதும் என்கின்றன. கடித்தவருக்கும் கடிபட்டவருக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு, ‘பத்து நாள்’ என்னும் சுருக்கத்தில் தொலைந்துபோயிற்று.

தடுப்பூசியின் வரலாற்றிலும் பூனை நாயின் நிழலிலேயே இருந்தது. அமெரிக்காவில் 1939இல் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, பின்னர் கோழிக்கருவில் வளர்த்து வீரியம் குறைக்கப்பட்ட ஃப்ளூரி என்னும் வைரஸ் வகை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாய்த் தடுப்பூசிக்குப் பெரிதும் பயன்பட்டது. குறைந்த சுற்றுகள் வளர்க்கப்பட்ட வடிவம் வளர்ந்த நாய்க்குப் பாதுகாப்பானது. பூனைக்கோ அதுவே நோயைத் தரக்கூடியது. ஆகையால் கூடுதலான சுற்றுகள் வளர்த்து மேலும் வீரியம் குறைத்த வடிவம் பூனைக்கு வேண்டியிருந்தது. நாய்க்கு நல்லது பூனைக்கும் நல்லது என்று கொள்ள முடியாது என்பதை ஆய்வகமே கற்றுக்கொண்ட கட்டம் அது. உயிரற்ற வைரஸால் ஆன, நாய்க்கும் பூனைக்கும் ஒருங்கே பொருந்தும் தடுப்பூசிகள் பரவலான பிறகே அச்சிக்கல் தீர்ந்தது. இன்று இந்திய நகரங்களில் பூனைக்குப் போடப்படுபவை இவ்வகையைச் சேர்ந்தவை.

மனிதர்களுக்கான மருத்துவத்தில் திருப்பம் 1970களில் வந்தது. அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலரி கொப்ரோவ்ஸ்கியும் உடன் பணியாற்றியோரும் மனித உயிரணு வளர்ப்பில் தயாரித்த தடுப்பூசி, ஈரானில் வெறிகொண்ட நாய்களும் ஓநாய்களும் கடித்த 45 பேருக்கு, எதிர்ச்சீரத்துடன் சேர்த்துச் செலுத்தப்பட்டது. அனைவரும் பிழைத்தனர், 1976இல் அச்செய்தி வெளியானது. இத்தடுப்பூசியில் மூளைத் திசு இல்லை. ஆகவே மயலினால் வரும் வாதமும் இல்லை. சில ஊசிகள் போதும், அதுவும் கையில். ஆனால் விலை மிகுதி. மூளைத்திசுத் தடுப்பூசியைக் கைவிடுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் 1980களிலிருந்தே வற்புறுத்தியும், இந்தியாவில் பணமுள்ளவர் தனியாரிடம் புதிய ஊசியும் ஏழைகள் அரசு மருத்துவமனையில் செம்பிள் ஊசியும் போட்டுக்கொண்ட இரட்டை நிலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. 2004 டிசம்பரில்தான் செம்பிள் தடுப்பூசியின் உற்பத்தி இந்தியாவில் நிறுத்தப்பட்டது. 2006இல் தோலுக்குள் சிறிதளவே செலுத்தும் முறைக்கு ஒப்புதல் கிடைத்தபின் ஒரே குப்பி பலருக்குப் பயன்பட்டது. அரசு மருத்துவமனைகளில் புதிய ஊசி பரவலாயிற்று.

ஊசி மாறியபோது ‘சிறு காயம்’ என்பதன் பொருளும் மாறியது. இன்று வழக்கிலுள்ள மூவகைப் பாகுபாட்டில் விலங்கைத் தொடுவதும், காயமில்லாத தோலை அது நக்குவதும் முதல் வகை. அதற்கு ஊசி வேண்டியதில்லை. இரத்தம் வராத சிறு கீறலும் மெல்லிய கவ்வலும் இரண்டாம் வகை, ஊசி வேண்டும். தோலைத் துளைத்து இரத்தம் வரச்செய்த ஒரே கடியும், ஒரே நகக்கீறலும், புண்ணின்மேல் பட்ட நக்கலும் மூன்றாம் வகை. ஊசியோடு காயத்தைச் சுற்றி எதிர்ப்புரதமும் செலுத்த வேண்டும். பழைய பட்டியலில் நடுவகுப்பில் இருந்த, காலில் பட்ட ஒற்றைச் சிறு கடி புதிய பட்டியலில் உச்ச வகைக்குப் போய்விட்டது. இடைப்பட்ட காலத்தில் வைரஸ் கொடியதாகிவிடவில்லை. ஊசி பாதுகாப்பானதாகிவிட்டதால், ஒரு துளி இரத்தத்தையும் பொருட்படுத்த முடிகிற நிலைக்கு மருத்துவம் வந்திருக்கிறது. காயத்தின் அளவு இப்போது அளவுகோல் அல்ல. தோல் திறந்ததா என்பதே அளவுகோல். மக்கள் பேச்சோ இன்னும் செம்பிள் காலத்துக் கணக்கிலேயே நிற்கிறது.

புள்ளிவிவரங்களிலும் இந்த வரலாற்றின் தடம் தெரிகிறது. 2003இல் நடத்தப்பட்ட பல மைய ஆய்வொன்று இந்தியாவில் ஆண்டுக்கு 20,565 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டது. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு நாயே காரணம். 2022-23இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு, ஆண்டு இறப்பை 5,726 என்று மதிப்பிட்டது. ஆய்வுமுறைகள் வேறுபட்டாலும், இறப்புகள் பெரிதும் குறைந்திருப்பதைப் பாதுகாப்பான ஊசி எளிதில் கிடைப்பதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தப் பிற்கால ஆய்வில் பதிவான விலங்குக் கடிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு நாயால் நேர்ந்தவை. எஞ்சிய கால்பங்கில்தான் பூனையும் இருக்கிறது.

அரசின் திட்டங்களோ நாயைத் தலைப்பிலேயே வைத்திருக்கின்றன. 2001இல் வந்த விலங்குக் கருத்தடை விதிகளின் பெயர், அடைப்புக்குறிக்குள் ‘நாய்கள்’ என்று சொன்னது. 2023இல் வந்த புதிய விதிகளின் பெயரில் அந்த அடைப்புக்குறி நீங்கியிருக்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேசியச் செயல்திட்டம், 2030க்குள் *நாய்வழிப்* பரவும் ரேபிஸை ஒழிப்பதை இலக்காகக் கொண்டது. வளம் குறைந்த நாட்டில் பெருங்காரணத்தை முதலில் எதிர்கொள்வது நியாயமே. நாய்களிடையே நோய் அடங்கினால் பூனைக்கு வரும் நோயும் பெருமளவு அடங்கும். இந்தியாவில் பூனை நோயைச் சுமந்து பரப்பும் முதன்மை விலங்கு அன்று, நாயிடமிருந்து பெறும் விலங்கே. ஆனால், நாய்களுக்கான தடுப்பூசித் திட்டம் வெற்றி பெற்ற அமெரிக்காவில் 1980களிலிருந்து நாயைவிடப் பூனையிடமே அதிகமாக இந்நோய் கண்டறியப்படுவது எண்ணிப் பார்க்கத்தக்கது. அங்கே காட்டு விலங்குகளிடமிருந்து அது பூனைக்கு வருகிறது. நாயை மட்டுமே கணக்கில் கொண்ட ஏற்பாடு வெற்றி பெறும்போது, ஏற்பாட்டுக்கு வெளியே நின்ற விலங்கு முன்னால் தெரியத் தொடங்குகிறது.

இவ்வளவுக்கும் பின் வீட்டுப் பூனையின் காயத்துக்குத் திரும்பினால், வரலாறு தந்த இரண்டு அளவுகோல்களும் அதனிடம் தடுமாறுவது தெரியும். காயத்தின் அளவைக் கேட்டால், அது சிறியது. காயப்படுத்திய விலங்கைக் கேட்டால், அது தெரியாது. பாரிஸ் நிறுவனத்தின் மூன்றாம் பட்டியலில் உள்ள ஐயத்தைவிடவும் மெலிந்த ஐயம் இது. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தெருநாயோ வெளிப்பூனையோ கீரியோ வீட்டுக்குள் வர வழியுண்டா? பூனை ஓர் இரவேனும் வெளியே போயிற்றா? காயம் கம்பியில் கிழிந்த கோடா, பற்கள் பதிந்த இணைத் துளைகளா? அதற்கு முன்பு தடுப்பூசி போடப்பட்டதா, எப்போது? வீட்டு எலியின் கடிக்கு மனிதர்களுக்கே ஊசி தேவைப்படுவது அரிது என்பதே இந்திய வழிகாட்டுதலின் நிலை. கதவும் சன்னலும் வலையிட்ட மாடிவீட்டில், ஊசி தவறாமல் பெற்ற பூனையின் கீறலைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. தரைத்தள வீட்டில், ஒருமுறைகூட ஊசி பெறாத பூனையின் உடலில் இரண்டு பல்துளைகள் இருந்தால், அது எவ்வளவு சிறிதாயினும் கையுறையோடு சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டிய காயம். கழுவும்போது பூனை பிறாண்டிவிட்டால், அது மனிதக் காயம். அதற்கு மனிதருக்கான விதி பொருந்தும்.

செம்பிள் காலத்தில் ஐயத்தின் பலனை ஊசியின்மைக்கு அளிப்பதற்குக் காரணம் இருந்தது. ஊசியே ஆபத்தாக இருந்தது. அந்தக் காரணம் 2004ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. நோய் வெளிப்பட்டால் ஏறக்குறைய உறுதியான சாவு, ஊசி போட்டால் கையில் சிறு வலி என்னும் இன்றைய கணக்கில், ஐயத்தின் பலன் ஊசியையே சேரும். பூனைக்கும் அதே கணக்குத்தான். காயம் பட்ட பின் அதன் அளவை அளந்துகொண்டிருப்பதைவிட, காயம் படுவதற்கு முன்பே ஆண்டுதோறும் அதற்கு ஊசி போட்டுத் தேதியைக் குறித்து வைப்பது எளிது. நகராட்சிகள் நெடுங்காலம் பூனைக்கென ஒரு பதிவேட்டை வைத்ததில்லை. அதன் உடல்நலத்துக்கு இருக்கும் முதன்மையான பதிவேடு, வீட்டார் கையிலுள்ள அந்தத் தடுப்பூசி அட்டைதான்.